கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் - சிறைக்கு முன்னும் சிறைக்குப் பின்னும்

1947 ஏப்ரல் மாதம். இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் சில மாதங்கள் இருந்தன. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றிருந்த இரண்டு பேரை, குற்றமற்றவர்கள் என்று சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒருவர் எம்.கே.தியாகராஜ பாகவதர், தமிழ் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார். இன்னொருவர் என்.எஸ்.கிருஷ்ணன், தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தவர்.

இருவரும் ஒரே வழக்கில் மாட்டினார்கள். இருவருக்கும் ஒரே தண்டனை. இருவரும் ஒன்றாகவே விடுதலை ஆனார்கள். ஆனால் வெளியே வந்தபின் பாகவதரின் சினிமா வாழ்க்கை மறுபடி எழவே இல்லை. என்.எஸ்.கிருஷ்ணனோ அடுத்த பத்து ஆண்டுகளில் முன்பைவிடப் பெரிய காரியங்களைச் செய்தார். படம் எடுத்தார், இயக்கினார், "கலைவாணர்" என்று பெயர் பெற்றார்.

இது எப்படி? சிரிக்க வைப்பவனுக்குக் கொலைப்பழி என்பது சாதாரண அடியா? சொல்லப் போனால் பாடகனைவிட நகைச்சுவை நடிகனுக்குத்தான் அது அதிகம் வலிக்க வேண்டும். முகத்தைப் பார்த்ததும் வழக்கு ஞாபகம் வந்துவிட்டால் யார் சிரிப்பார்கள்? கலைவாணரின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் எழும் கேள்வி இதுதான். இந்தக் கட்டுரையில் அதற்கு விடை தேடிப் பார்க்கலாம் நண்பர்களே.

ஒழுகினசேரிச் சிறுவன்

1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் கிருஷ்ணன் பிறந்தார். தந்தை சுடலைமுத்து, தாய் இசக்கியம்மாள். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பெயரின் முன்னால் நிற்கும் "என்" நாகர்கோவில், "எஸ்" சுடலைமுத்து.

வீட்டில் வறுமை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் வேலை கிடைத்தது. பண்டம் விற்றதோ இல்லையோ, பையன் நாடகத்தை மட்டும் விடாமல் பார்த்தான்! மேடையில் யார் எப்படிப் பேசுகிறார்கள், கூட்டம் எந்த இடத்தில் சிரிக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு அங்கேயே பாடமாகிவிட்டது.

அந்தப் பகுதி வில்லுப்பாட்டுக்குப் பேர்போனது. கோயில் கொடைகளில் விடிய விடியக் கதை சொல்வார்கள். ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டு போக, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டு, நடுநடுவே கேள்வி கேட்டுக் கதையை நகர்த்துவார். கலைவாணரின் பிற்கால நகைச்சுவையைக் கவனித்தால் அதில் இந்த வில்லுப்பாட்டு முறை இருப்பது தெரியும். ஒருவர் சொல்ல ஒருவர் கேட்க, கேள்வியிலேயே கேலி வரும், கேலிக்குள்ளே ஒரு சேதி வரும்.

பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். பாட்டு, நடிப்பு, வசனம் எல்லாம் அங்கே கற்றார். ஒரு வேடக்காரர் வரவில்லை என்றால் அந்த வேடத்தையும் போட்டுவிடுவார். அந்தக் குழுவின் "தேசபக்தி" நாடகத்தில் காந்தியின் கதையை வில்லுப்பாட்டாக நடத்தினார். அம்மன் கதையும் சாமி கதையும் சொல்லி வந்த வில்லில், வாழ்ந்துகொண்டிருந்த ஒரு மனிதரின் கதையைச் சொன்னது அன்று புதுமை.

படத்துக்குள் ஒரு தனிப்படம்

1930களின் நடுவில் பேசும்படம் நாடக நடிகர்களை இழுக்க ஆரம்பித்தது. என்.எஸ்.கே.யும் போனார். டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்த "மேனகா" 1935-ல் வந்தது. எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய "சதிலீலாவதி" 1936-ல் வந்தது. ஆனந்த விகடனில் எஸ்.எஸ்.வாசன் எழுதிய தொடர்கதைதான் அந்தப் படம். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம்.

அந்தக் காலப் படங்கள் பெரும்பாலும் புராணக் கதைகள். பாட்டுக்கு மேல் பாட்டாக இருக்கும். நடுவில் ஜனங்கள் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று நகைச்சுவைக் காட்சிகளைச் சேர்ப்பார்கள். என்.எஸ்.கே. இங்கேதான் ஒரு புது வழியைக் கண்டுபிடித்தார். நகைச்சுவைப் பகுதியைத் தானே யோசித்து, தானே வசனம் அமைத்து, தன் ஆட்களை வைத்துத் தனியாக நடத்தித் தரத் தொடங்கினார். மூலக்கதை ஒரு பக்கம் ஓடும், இவருடைய கதை இன்னொரு பக்கம் ஓடும். இன்று "காமெடி டிராக்" என்கிறோமே, அதைத் தமிழில் ஒரு தொழிலாகவே நிலைநிறுத்தியவர் இவர்தான்.

இதை ஒரு சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். சம்பளத்துக்கு வந்து எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசிவிட்டுப் போகும் நடிகரின் கையில் எதுவும் இருக்காது. என்.எஸ்.கே.யின் கையில் ஒரு குழு இருந்தது. எழுத ஆள், பாட்டெழுத ஆள், கூட நடிக்க ஆள் எல்லாம் இருந்தார்கள். பின்னால் அவரைக் காப்பாற்றியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பாகவதரின் பெரிய வெற்றிகளான "அம்பிகாபதி" (1937), "அசோக்குமார்" (1941), "சிவகவி" (1943), "ஹரிதாஸ்" (1944) எல்லாவற்றிலும் என்.எஸ்.கே. இருந்தார். பாட்டுக்குப் பாகவதர், சிரிப்புக்குக் கிருஷ்ணன் என்பது அன்றைய வழக்கம்.

டி.ஏ.மதுரம்

கலைவாணரைப் பற்றி எழுதிவிட்டு மதுரத்தை எழுதாமல் விட முடியாது. இவர் திருச்சிக்காரர், "ரத்னாவளி" என்ற படத்தில் நடித்திருந்தார். "வசந்தசேனா" படப்பிடிப்புக்காகப் புனே போனபோது இருவரும் பழகினார்கள், 1936-ல் மணந்துகொண்டார்கள்.

இதில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணனுக்கு அதற்கு முன்பே ஊரில் திருமணமாகியிருந்தது. மதுரத்துக்கு அது பிறகுதான் தெரிய வந்தது என்றும், அவர் கடும் கோபம் கொண்டார் என்றும் கலைவாணரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஊருக்குச் சீர்திருத்தம் சொன்னவர் சொந்த வாழ்க்கையில் எல்லாவற்றிலும் உதாரணமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. பெரியவர்களைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் மறைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் திரையில் அந்த ஜோடி தமிழ் சினிமா அதுவரை காணாதது. அதில் மனைவி அடங்கிப் போகும் மனைவி இல்லை. எதிர்க்கேள்வி கேட்பார். புருஷன் அளக்கும் கதையை ஒரே வரியில் உடைப்பார். அறிவுரை எப்போதும் ஆண் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. 1930, 40களில் இப்படி ஒரு கணவன்-மனைவி பேச்சைக் கேட்க ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

லட்சுமிகாந்தன் வழக்கு

1944 தீபாவளிக்கு "ஹரிதாஸ்" வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. அந்த வெற்றியின் உச்சத்தில்தான் இடி விழுந்தது.

சி.என்.லட்சுமிகாந்தன் என்பவர் "சினிமா தூது" என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதுவதுதான் அதன் வேலை. எழுதாமல் இருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு என்பார்கள். யுத்த காலம் என்பதால் பத்திரிகை நடத்த அரசின் அனுமதி வேண்டும். பாகவதர், என்.எஸ்.கே., கோவை ஸ்டூடியோ அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னரிடம் முறையிட, அந்த அனுமதி ரத்தானது. லட்சுமிகாந்தன் விடவில்லை. "இந்துநேசன்" என்ற இன்னொரு பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைதானார்கள், ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார். கொலைக்குச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரிகளின் முன் விசாரணை நடந்தது. 1945 மே மாதம் தீர்ப்பு. நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் என்.எஸ்.கே.க்கும் ஆயுள் தண்டனை! மேல்முறையீடும் தோற்றது. கடைசியில் வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. அது முந்தைய தீர்ப்பை ரத்து செய்து, மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. இரண்டாம் முறை கேட்ட நீதிபதிகள், அரசுத் தரப்புச் சாட்சிகளை நம்பித் தண்டிக்க முடியாது என்று இருவரையும் விடுவித்தார்கள்.

இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது. வழக்குச் செலவில் சொத்து கரைந்தது. லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு மட்டும் கடைசிவரை விடை கிடைக்கவில்லை.

அவர் இல்லாதபோது நடந்தவை

நம் கேள்விக்கான முதல் விடை இங்கேதான் இருக்கிறது. என்.எஸ்.கே. உள்ளே இருந்தபோது அவர் பெயர் வெளியே அணையவில்லை.

மதுரம் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். அவர்கள் போட்ட "பைத்தியக்காரன்" நாடகம் நன்றாக ஓடியது. இன்னொரு பக்கம் நடிகர் கே.ஆர்.ராமசாமி, சிறையில் இருந்த தன் நண்பரின் பெயரிலேயே "கிருஷ்ணன் நாடக சபா" என்று ஒரு குழுவைத் தொடங்கினார். அண்ணாவின் "ஓர் இரவு", "வேலைக்காரி" நாடகங்கள் மேடையேறியது அந்தக் குழுவில்தான். பின்னாளில் தமிழ் சினிமாவையே மாற்றிய கதைகள் அவை.

யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் கொலைக் குற்றவாளி என்று சிறையில் இருக்கிறார். வெளியே அவர் பெயரைப் பலகையில் எழுதி இரண்டு குழுக்கள் டிக்கெட் விற்கின்றன, ஜனங்களும் வாங்குகிறார்கள்! நீதிமன்றம் விடுதலை செய்யும் முன்பே ஜனங்கள் அவரை விடுதலை செய்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"பைத்தியக்காரன்" படமாகவும் ஆனது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1947-ல் வந்தது, எம்.ஜி.ஆரும் அதில் நடித்தார். என்.எஸ்.கே. விடுதலை ஆனதும் அவருக்கென்று காட்சிகளைச் சேர்த்தார்கள். அந்தப் படத்தில் அவர் சிறையைப் பற்றியே பாடினார். ஊரெல்லாம் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்த விஷயத்தைத் தானே முன்னால் எடுத்துப் போட்டுச் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு மற்றவர்கள் அதை வைத்துக் கேலி பேச என்ன மிச்சம் இருக்கும்?

ஒருவர் எழுந்தார், ஒருவர் எழவில்லை. ஏன்?

பாகவதர் திரும்பி வந்து சொந்தமாக "ராஜமுக்தி" (1948) எடுத்தார். ஓடவில்லை. "அமரகவி" (1952) வந்தது. அதில் என்.எஸ்.கே.யும் இருந்தார். பழைய பாகவதர் மட்டும் திரும்பவில்லை. 1959 நவம்பர் 1 அன்று மறைந்தார்.

பாகவதரின் குரல் கெட்டுவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்லிவிட முடியாது. காலம் மாறிவிட்டது என்பதுதான் முக்கியக் காரணம். அவர் உள்ளே போகும்போது தமிழ்ப் படம் என்றால் பாட்டு. அவர் வெளியே வந்த சில ஆண்டுகளில் தமிழ்ப் படம் என்றால் வசனம். "வேலைக்காரி" (1949), "மந்திரிகுமாரி" (1950), "பராசக்தி" (1952) என்று வரிசையாகப் பேச்சுப் படங்கள் வந்தன. நடிக்க ஒருவர், பின்னணி பாட இன்னொருவர் என்ற முறையும் வேரூன்றிவிட்டது. தானே பாடி நடிக்கும் நாயகனுக்கு இருந்த இடம் சுருங்கியது.

என்.எஸ்.கே.யோ ஆரம்பத்திலிருந்தே பேச்சுக்காரர். காலம் அவர் பக்கம் நகர்ந்து வந்தது. அண்ணா கதை வசனம் எழுதிய "நல்லதம்பி" (1949) படத்தில் அவரே நாயகன். "மணமகள்" (1951) படத்தை இயக்கினார், பத்மினிக்குத் தமிழில் கதாநாயகியாகப் பெயர் வாங்கித் தந்த படம் அது. கலைஞர் கருணாநிதியின் வசனத்தில் "பணம்" (1952) படத்தை இயக்கினார். சிவாஜிக்கு அது இரண்டாவது படம். விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்ற இரட்டையர் ஒன்றாக இசையமைக்கத் தொடங்கியதும் அந்தப் படத்தில்தான்.

ஆக, பாகவதரின் பலம் அவர் ஒருவரிடமே இருந்தது. கலைவாணரின் பலம் பல பேரிடம் பரவியிருந்தது. ஒரு குரல் இரண்டு ஆண்டு மௌனமானால் கேட்பவர்கள் வேறு குரலுக்குப் பழகிவிடுவார்கள். ஒரு குழு அப்படி இல்லை. தலைவர் இல்லாதபோதும் அது வேலை செய்துகொண்டிருக்கும்.

கிந்தனார்

"நல்லதம்பி" படத்தில் வரும் "கிந்தனார்" காலட்சேபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கலைவாணர் செய்ததிலேயே சிறந்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பாட்டு உடுமலை நாராயண கவி.

நந்தனார் கதை நம் எல்லோருக்கும் தெரியும். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த நந்தன் சிதம்பரம் போய்த் தில்லை நடராஜரைப் பார்க்க ஏங்குகிறான். கடைசியில் நெருப்பில் இறங்கித்தான் கோயிலுக்குள் போக முடிகிறது. பாகவதர்கள் காலட்சேபத்தில் இதைப் பாடுவார்கள், கேட்பவர்கள் உருகுவார்கள்.

கலைவாணர் அதே பாகவதர் வேடத்தில், அதே காலட்சேப பாணியில், வேறு கதை சொன்னார். கிந்தன் என்ற ஏழைப் பையன் ஏங்குவது கோயிலுக்கு அல்ல, படிப்புக்கு. அவன் போக ஆசைப்படுவது சிதம்பரத்துக்கு அல்ல, சென்னைப் பட்டணத்துக்கு. அவனை ஏற்றிப் போவது ரயில். அந்த ரயிலில் எல்லா ஜாதியும் ஒன்றாகத்தான் உட்கார வேண்டும்! படித்துப் பெரிய அதிகாரியாகி, தன்னை விரட்டிய பள்ளிக்கூடத்தையே பார்வையிட வருகிறான் கிந்தன்.

நந்தன் உள்ளே போக நெருப்பைத் தாண்ட வேண்டியிருந்தது. கிந்தன் உள்ளே போகப் பரீட்சையைத் தாண்டினால் போதும். இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் இந்த வித்தியாசத்துக்குள் ஒரு பெரிய வாதமே இருக்கிறது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947-ல். இரண்டே ஆண்டுகளில் இப்படி ஒரு கதையைச் சினிமாவில் சொல்ல முடிந்ததற்குக் காரணம், சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான். மேடையில் திட்டிச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் காதைப் பொத்தியிருப்பார்கள். இதைப் பக்தர்களும் ரசித்தார்கள், பகுத்தறிவாளர்களும் ரசித்தார்கள்.

எல்லோருக்கும் வேண்டியவர்

அவருக்கு எல்லாக் கட்சியிலும் நண்பர்கள். காந்தியிடம் பக்தி. பொதுவுடைமைக்காரரான ஜீவா நெருங்கிய தோழர், அண்ணா உயிர் நண்பர். 1951-ல் சோவியத் நாட்டுக்கும் போய் வந்தார்.

1957 தேர்தலைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். காஞ்சிபுரத்தில் அண்ணாவை எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். பிரசாரத்துக்கு வந்த கலைவாணர் அந்த டாக்டரை வானளாவப் புகழ்ந்தாராம். நல்ல மனிதர், கைராசிக்காரர் என்றெல்லாம் சொல்லிவிட்டு, இப்பேர்ப்பட்ட டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் நமக்கு யார் வைத்தியம் பார்ப்பது, அதனால் அண்ணாவை அங்கே அனுப்புங்கள் என்று முடித்தாராம்! செவிவழிக் கதைதான். ஆனால் எதிராளியும் சேர்ந்து சிரிக்கும்படி பேசுவார் என்று ஜனங்கள் அவரை எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

"கலைவாணர்" பட்டத்தை அவருக்கு வழங்கியவர், தமிழ் நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார். வில்லுப்பாட்டை நாகர்கோவில் பக்கத்திலிருந்து சென்னை மேடைக்குக் கொண்டுவந்ததிலும் கலைவாணருக்குப் பங்குண்டு. அவர் கண்டெடுத்து அழைத்து வந்த இளைஞர்தான் சுப்பு ஆறுமுகம். அவர் 2022-ல் மறையும்வரை வில்லிசையைக் கைவிடவில்லை. 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

கொடுத்துச் சிவந்த கை

கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர் என்பது கலைவாணரைப் பற்றி எல்லோரும் சொல்வது. கணக்கில் "தர்மம்" என்று எழுதி வைத்ததை நம்பாத வருமானவரி அதிகாரி ஒருவர், யாரென்று சொல்லாமல் வந்து மகள் கல்யாணத்துக்கு உதவி கேட்டாராம். உடனே கொடுக்கச் சொல்லவும் அதிகாரி அசந்து போனாராம். இதுவும் செவிவழிக் கதைதான்.

கடைசிக் காலத்தில் அவர் கையில் காசில்லை என்பது கதையல்ல. சம்பாதித்ததெல்லாம் போய்விட்டது. கொடை ஒரு அளவோடு இருந்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவரை நம்பி ஒரு பெரிய குடும்பமே இருந்தது அல்லவா?

நடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. "முதல் தேதி" (1955), "ராஜா ராணி" (1956), "மதுரை வீரன்" (1956) என்று படங்கள் வந்தன. "ராஜா ராணி"யில் சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகச் சிரித்தே காட்டும் பாட்டை இன்றும் தொலைக்காட்சியில் பார்க்கலாம். 1937-ல் வந்த "அம்பிகாபதி"யில் நடித்தவர், இருபது ஆண்டு கழித்துச் சிவாஜி நடித்த "அம்பிகாபதி"யிலும் நடித்தார். அது திரைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1957 ஆகஸ்ட் 30 அன்று சென்னை அரசு பொது மருத்துவமனையில் மறைந்தார். வயது 48தான். அதற்கு முந்தைய ஆண்டு, 1956 நவம்பர் 1 அன்றுதான், அவர் பிறந்த நாகர்கோவில் சென்னை மாநிலத்தோடு இணைந்திருந்தது.

மதுரம் 1974 வரை வாழ்ந்தார்.

முடிவாக

1969 ஜனவரி 14, பொங்கல் நாள். சென்னை தியாகராய நகரில் கலைவாணர் சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். நோய் முற்றியிருந்த நேரம். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அதுதான் என்பார்கள். மூன்று வாரத்துக்குள் அவரும் மறைந்தார்.

சென்னை வாலாஜா சாலையில் இருந்த பாலர் அரங்கத்துக்குப் பிற்காலத்தில் கலைவாணர் அரங்கம் என்று பெயர் வைத்தார்கள். பழைய கட்டடம் போய் 2016-ல் புதுக் கட்டடம் வந்தது. 2020 செப்டம்பரில், கொரோனா காலத்தில், இடைவெளி விட்டு உட்கார வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாடு சட்டசபை அங்கேதான் கூடியது. இருந்திருந்தால் கலைவாணர் இதை வைத்தே ஒரு காட்சி அமைத்திருப்பார்!

சரி, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். கொலைப்பழி சுமந்தவரைப் பார்த்து ஜனங்கள் எப்படிச் சிரித்தார்கள்? அவருக்காக மதுரமும் நண்பர்களும் விளக்கை அணையாமல் வைத்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். காலம் பேச்சுக்காரர்கள் பக்கம் திரும்பியது இன்னொரு காரணம். மூன்றாவதும் ஒன்று உண்டு. சிறைக்கு முன் பத்து ஆண்டுகள் அவர் ஜனங்களைச் சிரிக்க வைத்தது யாரையும் இழிவுபடுத்தி அல்ல. கறுப்பாக இருக்கிறவனையோ, ஊனமுற்றவனையோ, ஏழையையோ காட்டிச் சிரிக்க வைப்பது அவர் பிழைப்பு அல்ல. மூடப்பழக்கத்தையும் பொய் வேஷத்தையும்தான் கேலி செய்தார், அதிலும் தன்னையே முதலில் கேலிப்பொருளாக்கிக்கொண்டார். அப்படிப்பட்டவன் மேல் பழி வந்தபோது ஜனங்கள் அதை அவ்வளவு சுலபத்தில் நம்பவில்லை.

"நல்லதம்பி" கிடைத்தால் பாருங்கள். முழுப் படமும் பார்க்கப் பொறுமை இல்லை என்றால் கிந்தனார் காட்சியை மட்டுமாவது பாருங்கள். முதலில் சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகு, இத்தனை ஆண்டு கழித்தும் எத்தனை கிந்தன்கள் இன்னும் அந்த ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு வரும்.